எண்பத்தாறு மணி நேரமும் ஒரு சவுனாவும்

மார்க்கெத்தா ஒன்பது வருடமாக ஒரே ஆளிடம் தோற்றுக்கொண்டிருந்தாள். அந்த ஆள் ஒவ்வொரு வருடமும் போட்டிக்கு முதல் நாளே வந்து, அவள் வீட்டிலேயே சாப்பிட்டு, அவள் வீட்டுச் சவுனா என்கிற நீராவி அறையில் வியர்த்து, அவள் விரித்துக் கொடுத்த படுக்கையில் குறட்டை விட்டுத் தூங்கி, காலையில் அவள் போட்ட காப்பியையும் குடித்துவிட்டுப் போய் அவளையே தோற்கடிப்பான். பெயர் இல்மோ கார்ப்பினென். சுவோமுஸ்ஸால்மி என்ற ஊரில் எலக்ட்ரீஷியன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசினால் அவனுக்குக் காய்ச்சல் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கயானி ஊரில் பழைய கம்ப்யூட்டர் பைத்தியங்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. மொத்தம் இருபத்து மூன்று உறுப்பினர்கள், அத்தனை பேரும் நல்ல வேலையில் இருக்கிற, வரி ஒழுங்காகக் கட்டுகிற, பார்த்தால் புத்தி தெளிந்தவர்கள் மாதிரி தெரிகிறவர்கள். மார்ச் மாதத்து முதல் ஞாயிறு அவர்கள் கூடுவார்கள். கம்ப்யூட்டரை இயக்குகிற லினக்ஸ் மென்பொருளின் இந்த வருடத்துப் பதிப்பை, இருப்பதிலேயே பழைய இயந்திரத்தில் யார் ஓட வைத்துக் கொண்டுவருகிறாரோ அவருக்கு வெற்றி. பரிசு என்று பணம் காசு கிடையாது. சங்கத்துச் சுவரில் ஒரு பிர்ச் மரப் பலகை தொங்குகிறது, அதில் பெயரைச் செதுக்குவார்கள். அதில் கடைசி ஒன்பது பெயரும் ஒரே பெயர்தான்.

இந்த வருடம் விஷயம் வேறு. லினக்ஸைச் செய்கிறவர்கள் இனிமேல் 486 என்ற பழைய சில்லு வகை இயந்திரங்களைச் சேர்த்துக்கொள்ளப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். சங்கத்துக்காரர்கள் வைத்திருப்பதெல்லாம் அந்த வகைதான். அடுத்த வருடத்துப் பதிப்பு அவற்றில் கண்ணே திறக்காது. ஆகையால் இதுதான் கடைசிப் போட்டி என்று தீர்மானம் போட்டாயிற்று. இந்த முறை தோற்றால் மார்க்கெத்தா பலகையில் ஏறாமலேயே பலகை பரணுக்குப் போய்விடும்.

அவள் நூலகப் பேருந்து ஓட்டுகிறவள். காட்டுக்குள் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் புத்தகம் கொண்டுபோய்க் கொடுப்பது வேலை. அப்படிப் போன ஒரு பண்ணை வீட்டில், கோழித்தீவன மூட்டைக்கு முட்டுக் கொடுத்திருந்த ஒரு பெட்டியைப் பார்த்துப் பேருந்தை விட்டு இறங்கினாள். 1990-இல் செய்த 486. இல்மோவிடம் இருப்பது 1992. இரண்டு தடி துப்பறியும் நாவல்களைத் திருப்பிக் கேட்க மாட்டேன் என்று சொல்லி அந்தப் பெட்டியை வாங்கி வந்தாள். அதற்குள்ளிருந்து அரைக் கிலோ தவிடு வந்தது. மற்றபடி உயிர் இருந்தது.

உயிர் இருந்ததே தவிர வேகம் இல்லை. கையிலிருக்கும் செல்போன் ஒரு மூச்சில் முடிக்கிற வேலைக்கு அது அரை நாள் எடுத்துக்கொண்டது. நிறுவல் முழுவதும் அந்த இயந்திரத்திலேயே நடக்க வேண்டும் என்பது சங்கத்து விதி. வேகமான இன்னொன்றில் தயார் செய்து வட்டை மாற்றிப் போட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அப்படி ஒரு யோசனையைச் சொல்கிறவனோடு அந்த ஊரில் யாரும் காப்பி குடிக்க மாட்டார்கள். மார்க்கெத்தா கணக்குப் போட்டுப் பார்த்தாள். எண்பத்தாறு மணி நேரம். நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்து.

இயந்திரத்தைக் கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் வைத்தாள். பக்கத்தில் ஒரு பழைய அச்சுப்பொறி. தொடங்கி எத்தனை மணி, எத்தனை நிமிடம், எத்தனை சதவீதம் என்று கால் மணிக்கு ஒரு தரம் கரகரவென்று ஒரு வரி அடிக்கும். ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் தொடங்கினாள். புதன்கிழமை வழக்கம்போல் ஐந்து கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போய்விட்டு வந்து, நேராகச் சவுனாவில் உட்கார்ந்து, ஏழு மணிக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு போய் எட்டிப் பார்த்தால், நிறுவல் அறுந்து, தானே மறுபடி எழுந்து நின்று, எனக்கு எதுவுமே ஞாபகமில்லை என்கிற மாதிரி ஒரு வரியைக் காட்டிக்கொண்டிருந்தது. அச்சுத்தாளின் கடைசி வரியில் எண்பத்திரண்டு சதவீதம்.

அப்போதே மறுபடி தொடங்கினாள். சனிக்கிழமை பனிச்சறுக்கு, சவுனா, துண்டு, எட்டிப் பார்த்தால் அதே கதை. இந்த முறை எண்பத்தொன்று.

ஏறக்குறைய ஒரே இடத்தில் இரண்டு முறை சாய்ந்தால் யாருக்கும் இயந்திரத்தின் மேல்தான் சந்தேகம் வரும். சங்கத்து மின்னஞ்சல் குழுவில் எழுதினாள். நினைவகச் சில்லு என்றார் ஒருவர். வட்டில் ஓட்டை என்றார் இன்னொருவர். கரையேறும் நேரத்தில் காலை வாருகிறதே என்று மார்க்கெத்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் கணவன் வேய்யோ, மரம் அறுக்கிற ஆலையில் மெக்கானிக், ஆறுதல் சொல்லத் தெரியாத நல்ல மனிதன், எண்பதைத் தாண்டினால் எங்கள் அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்தது என்றான். அன்றைக்கு அவனுக்கு வெறும் உருளைக்கிழங்குதான் கிடைத்தது.

நான்கு நாள் சில்லுகளை மாற்றி மாற்றிச் சோதித்துவிட்டு, புதன்கிழமை சவுனாவையும் முடித்துவிட்டு, இரவு ஏழு மணிக்கு மூன்றாம் முறை தொடங்கினாள். எல்லாம் சரியாகப் போனால் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு முடியும். போட்டி பன்னிரண்டு மணிக்கு. இதுவும் சாய்ந்தால் இன்னொரு முறை தொடங்க நாள் இல்லை.

சனிக்கிழமை நான்கு மணிக்கு இல்மோ வந்தான். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து நான்கு டிகிரி குளிர். நூற்றுப் பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்தவன் பூட்ஸைக் கழற்றினான், தலையை அசைத்தான், சமையலறை மேசையில் தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தான். மார்க்கெத்தா காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் வைத்தாள். விருந்தாளி வந்திருப்பதால் அன்றைக்கு அவள் பனிச்சறுக்குக்குப் போகவில்லை.

"எப்ப முடியும்?" என்று கேட்டான் இல்மோ. அன்றைய தினத்துக்கு அது அவனுடைய முதல் பேச்சு.

ஒன்பது மணிக்கு என்று சொன்னால் போதும். ஆனால் எதிராளி கேட்கும்போது நிமிடக் கணக்காகச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஒரு ரோஷம். அச்சுத்தாள்களை எடுத்து வந்து மேசையில் விரித்து, பழைய இரண்டு ஓட்டங்களோடு ஒப்பிட்டுக் கூட்டத் தொடங்கினாள். முதல் ஓட்டம் எழுபத்தோரு மணி நேரத்தில் நின்றிருக்கிறது. ஞாயிறு மாலை ஆறு மணியோடு எழுபத்தொன்றைக் கூட்டினால் புதன் மாலை ஐந்து. இரண்டாவது எழுபது மணி நேரம். புதன் இரவு ஏழு மணியோடு எழுபதைக் கூட்டினால் சனி மாலை ஐந்து.

புதன் ஐந்து மணி. சனி ஐந்து மணி. இந்த வீட்டில் அந்த நேரத்தில் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும், பக்கத்து வீட்டு நாய்க்கும் தெரியும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தாக நான்கு நிமிடம். கூடத்தில் வேய்யோ வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, சீட்டியடித்துக்கொண்டு, சவுனா அடுப்பின் திருகை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

ஐம்பத்தேழு வயதில் அவள் அப்படி ஓடியதில்லை. வேய்யோவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து, அவனைக் குளியலறைக்குள் தள்ளி, தானும் நுழைந்து கதவைச் சாத்தினாள்.

"அடுப்பப் போடாத."

"ஏன்?"

"நீ அடுப்பப் போட்டா கம்ப்யூட்டர் சாகும். ரெண்டு தடவையும் நீதான் கொன்னிருக்க."

வேய்யோவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பக்கத்து வீடுகளில் எல்லாம் ஒரு ஏற்பாடு உண்டு. சவுனா அடுப்பு மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும். ஆகவே அது எரிகிற நேரத்தில் சில அறைகளின் சுவர் ஹீட்டர்களுக்கு மின்சாரம் தானாகவே நின்றுவிடும். இல்லாவிட்டால் மெயின் ஃப்யூஸ் போய்விடும். பிறந்ததிலிருந்து இப்படித்தான் என்பதால் யாரும் அதை நினைப்பதுகூட இல்லை. சின்ன அறையில் முன்பு ஒரு ஹீட்டர் இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன் வேய்யோ அதைக் கழற்றிவிட்டு, அதே கம்பியில் தன் கையாலேயே ஒரு பிளக் பாயின்ட் வைத்திருந்தான். அந்தப் பிளக்கில்தான் மார்க்கெத்தாவின் எழுபது மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை இப்போது பிடுங்கி வேறு இடத்தில் செருகவும் முடியாது.

இயந்திரத்தைக் காப்பாற்ற ஒரே வழி, சனிக்கிழமையன்று, விருந்தாளி வந்திருக்கிற வீட்டில், சவுனா போடாமலிருப்பது. நூறு கிலோமீட்டர் குளிரில் ஓட்டி வந்தவனிடம் போய், உனக்குச் சவுனா இல்லை என்று எந்த வாயால் சொல்வது? சோறு இல்லை என்றுகூடச் சொல்லிவிடலாம். அதுவும் அவன் தோற்பதற்காக அவனைக் குளிக்காமல் படுக்கப்போடுவதென்றால் அது என்ன நியாயம்? மார்க்கெத்தாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"உண்மையச் சொல்லிடலாம்," என்றாள்.

"சொன்னா அவன் பரவால்லம்பான். அது நாமளே அவன் வாயில திணிச்ச மாதிரி. நான் பாத்துக்கறேன், நீ பேசாத," என்று சொல்லிவிட்டு வேய்யோ சமையலறைக்குப் போனான். முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் அவன் சொன்ன பொய்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவற்றில் ஒன்றுகூட நின்றதில்லை. அந்த அனுபவத்தோடு போய் இல்மோவின் எதிரில் நின்று, அடுப்பு கெட்டுப்போய்விட்டது என்று அறிவித்தான்.

எலக்ட்ரீஷியனிடம் போய் அடுப்பு கெட்டுவிட்டது என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசிக்கிற அளவுக்கு அவனுக்கு நேரம் இல்லை. இல்மோவின் முகம் மலர்ந்துவிட்டது. ஒன்பது வருடமாக இந்த வீட்டில் தின்ற சோற்றுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவனுக்கும் மனதில் இருந்திருக்கும் போல. காப்பியை அப்படியே வைத்துவிட்டு, பூட்ஸ்கூடப் போடாமல் காலுறையோடு பனியில் இறங்கிக் காருக்குப் போய், கருவிப் பெட்டியோடு வந்தான்.

மார்க்கெத்தா கணவனைப் பார்த்த பார்வையில் ஈர விறகு பற்றிக்கொண்டிருக்கும்.

இல்மோ கூடத்துச் சுவரிலிருந்த ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தான். கருவியை வைத்து அடுப்பின் இணைப்பைச் சோதித்தான். நன்றாகவே இருந்தது. இன்னொரு முறை சோதித்தான். வேய்யோ கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இல்மோவின் விரல் மெதுவாக ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுக்கொண்டு கீழே இறங்கியது. ஓர் இடத்தில் நின்றது. கம்பியைக் கண்ணாலேயே பின்தொடர்ந்து சின்ன அறை வரைக்கும் நடந்து போனான். பிளக்கைப் பார்த்தான். அதில் செருகியிருந்ததைப் பார்த்தான். அச்சுப்பொறி அந்த நேரம் பார்த்துக் கரகரவென்று ஒரு வரி அடித்தது. எண்பத்தொரு சதவீதம்.

"இந்த வயரிங் யார் பண்ணது?" என்று கேட்டான்.

"நான்தான்," என்றான் வேய்யோ. "மீன் தொட்டிக்காக."

"மீன் எங்க?"

"செத்துப்போச்சு."

"என்னைக்கு?"

வேய்யோ கொஞ்சம் யோசித்தான். "ஒரு சனிக்கிழமை," என்றான்.

இல்மோ சிரிக்கவில்லை. அவன் திரும்பி மார்க்கெத்தாவைப் பார்த்தான். அவளுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அவன் எதுவும் கெடுக்க வேண்டாம், ஏமாற்ற வேண்டாம். அடுப்பு நன்றாக இருக்கிறது என்ற உண்மையைச் சொல்லித் திருகைத் திருப்பினால் போதும், பத்தாவது முறையும் அவன்தான். அதைத் தடுக்க அவளுக்கு ஒரு வார்த்தைகூட உரிமை இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

இல்மோ கூடத்துக்குத் திரும்பி வந்து ஃப்யூஸ் பெட்டியைச் சாத்தினான். கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினான்.

"அடுப்பு ரொம்ப மோசமாப் போயிருக்கு," என்றான். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் யாரும் சுவிட்சத் தொடக்கூடாது."

முப்பது வருடத் தொழிலில் அவன் நல்ல சாமானைக் கெட்டதென்று சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன.

ஆனாலும் சனிக்கிழமை சனிக்கிழமைதானே. ஆறு மணிக்கு மேல் அந்த இரண்டு ஆண்களுக்கும் இருப்புக்கொள்ளவில்லை. கடைசியில் இருவரும் கோட்டைப் போட்டுக்கொண்டு போய், ஆளுக்கொரு பீர் பாட்டிலோடு குளிர்ந்த சவுனாவின் மேல் பலகையில் உட்கார்ந்துகொண்டார்கள். வேய்யோ பழக்க தோஷத்தில் ஒரு கரண்டித் தண்ணீரை எடுத்து அடுப்பின் மேலிருந்த கற்களில் ஊற்றினான். அது ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாகத் தரையில் வடிந்தது. இருவரும் அதை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மார்க்கெத்தா வாட்டிய சாசேஜ் தட்டோடு கதவருகே வந்து நின்றாள்.

"இல்மோ, நீ போடுன்னு சொல்லியிருந்தா அடுப்பப் போட்டிருப்போம். நான் மறுத்திருக்க மாட்டேன்."

"தெரியும்."

"அப்ப ஏன்?"

இல்மோ சாசேஜை ஒரு கடி கடித்து, மென்று, விழுங்கி, பீரும் குடித்து முடித்த பிறகு பதில் சொன்னான். "சுவிட்சப் போட்டு ஜெயிக்கிறதுக்கு நான் எதுக்கு நூத்திப்பத்து கிலோமீட்டர் வரணும்?"

ஞாயிறு காலை ஒன்பது இருபதுக்கு நிறுவல் முடிந்தது. நூறு சதவீதம் என்ற வரியை அச்சுப்பொறி அடித்தபோது மார்க்கெத்தா உட்கார்ந்த இடத்திலேயே அழுதுவிட்டாள். வேய்யோவும் இல்மோவும் கம்பளியில் சுற்றி, பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி அந்தப் பெட்டியைக் காரில் ஏற்றினார்கள்.

சங்கத்துக் கூடத்தில் அது கண் திறக்க இருபத்திரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. இருபத்து மூன்று பேரும் காப்பியைக் குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். திரையில் பெயர் கேட்கும் வரி வந்தது. மார்க்கெத்தா தன் பெயரைத் தட்டினாள். ஒவ்வொரு எழுத்தும் யோசித்து யோசித்து வந்து நின்றது. இந்த வருடத்து லினக்ஸ், 1990-இல் செய்த இயந்திரத்தில்.

செயலாளர் ஹில்க்கா டொலொனென் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதிவேட்டைத் திறந்தாள். வெற்றியை எழுதுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்பது சங்கத்து வழக்கம். அதற்கு என்ன பதில் சொன்னாலும் அப்படியே எழுதிக்கொள்வார்கள், யாரும் சோதிப்பதில்லை.

"வெளியார் உதவி ஏதாவது உண்டா?"

இல்லை என்று சொன்னால் முடிந்தது. உண்டு என்றால் வெற்றி செல்லாது. மார்க்கெத்தா பலகையைப் பார்த்தாள். ஒன்பது வருடம் ஆசைப்பட்ட பலகை.

"உண்டு," என்றாள். "இல்மோ உதவி பண்ணாரு."

என்ன உதவி என்று கேட்டாள் ஹில்க்கா. மார்க்கெத்தா பிளக், அடுப்பு, வேய்யோவின் பொய், இல்மோவின் பொய் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். கூடத்தில் காப்பிக் கோப்பைகள் அப்படியே நின்றுவிட்டன. இயந்திரத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். சனிக்கிழமை சவுனாவா, அந்தக் குளிரிலா, எதிராளிக்காகவா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வாதம் தொடங்கியது. அதைவிடப் பெரிய உதவி உலகத்தில் கிடையாது, ஆகையால் செல்லாது என்றது ஒரு கட்சி. போகிற போக்கில் பிளக்கைப் பிடுங்காமல் போகிற ஒவ்வொருவரும் உதவி செய்கிறவர்தான் என்றால் இதுவரைக்கும் யார் ஜெயித்ததும் செல்லாது என்றது இன்னொரு கட்சி. விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். எரியாத சவுனாவைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

கடைசியில் இல்மோ எழுந்து நின்றான். கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது.

"நான் ஒரு கம்பியத் தொடல. ஒரு சாவியத் தட்டல. அடுப்ப ஏத்தல, அவ்வளவுதான்," என்றான். "ஒண்ணுமே செய்யாதத எப்படி உதவின்னு எழுதுவீங்க? எழுதறதா இருந்தா உள்ளத உள்ளபடி எழுதுங்க."

சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவன் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. செல்லாது என்ற கட்சியும் விதிப் புத்தகத்தை மூடி வைத்தது. ஜெயித்தால் இல்மோவின் முகத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று மார்க்கெத்தா ஒன்பது வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். இப்போது அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை. அவனை மனதுக்குள் எத்தனை திட்டியிருப்போம் என்று வெட்கமாக இருந்தது. கெட்டிலை எடுத்துக்கொண்டு போய் அவன் கோப்பையை நிரப்பினாள்.

ஹில்க்கா பேனாவை எடுத்தாள். வெற்றி என்ற இடத்தில் மார்க்கெத்தா கொமுலைனென் என்று எழுதினாள். வெளியார் உதவி என்ற இடத்தில், நிறுத்தி நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துக்கொண்டே எழுதினாள்: "இல்மோ கார்ப்பினென், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, ஒன்றும் செய்யவில்லை."